காதுகுத்து ஃப்ளெக்ஸில் ஒரு டாக்டர்

பி.எஸ்சி. உளவியல் படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. கேட்டவர்களே பதிலும் சொல்லிக்கொள்வார்கள். பெரியப்பா, "மனசத்தான படிச்சிருக்க, நான் இப்ப என்ன நெனைக்கிறேன், சொல்லு பாப்போம்" என்பார். சொன்னால் பெரியம்மா சண்டைக்கு வரும் என்று வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன். அம்மா பக்கத்து வீடுகளில், "அது டாக்டர் படிப்பு மாதிரித்தான், ஊசி மட்டும் கிடையாது" என்று சொல்லி வைத்திருந்தாள். ஒத்தக்கடையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மட்டும், "பேங்க் பரீட்சைக்குப் போட்டு வையி" என்பார்.

கல்லூரியில் முதல் வாரமே எங்கள் துறைத்தலைவி ஒன்றைச் சொல்லியிருந்தார். "இந்தப் பட்டத்த வச்சுக்கிட்டு யாருக்கும் வைத்தியம் பாக்கக் கிளம்பிறாதீங்க. பாக்கவும் கூடாது, பாக்கவும் தெரியாது." இதற்குமேல் முதுகலை, அதற்குமேல் சீட்டே கிடைக்காத இன்னொரு படிப்பு, அதற்குப் பிறகு பதிவு, அப்புறம்தான் நாற்காலி போட்டு உட்காரலாமாம். சேர்க்கை அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் பக்கத்து அறைக்கு வணிகவியல் படிக்கப் போயிருப்போம். சொன்னது சேர்ந்த பிறகு.

படிப்பு முடிந்ததும் இன்டர்வியூ இன்டர்வியூவாக ஏறி இறங்கினேன். மேலூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் வேலை என்றார்கள். போனால், டைப் அடிக்கத் தெரியுமா, சாயங்காலம் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிட முடியுமா என்று கேட்டார் தாளாளர். கவுன்சிலிங் எப்போது என்றேன். நேரம் இருந்தால் பார்க்கலாம் என்றார். துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் ஹெச்.ஆர். வேலை என்றார்கள். வேலைக்கு வராத பெண்களுக்குப் போன் போட்டுத் திட்டுவதுதான் அந்த வேலை. இன்னொரு இடம் குடியை நிறுத்தவைக்கிற இல்லம். என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் வெள்ளைக்கோட்டை எடுத்து நீட்டினார்கள். அதை மாட்டிக்கொண்டு திரும்பினால் கம்பிக்கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள், "டாக்டர், எங்க வீட்டுக்கு ஒரு போன் மட்டும் போட்டுச் சொல்லுங்க" என்றார். கோட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வந்த பஸ் எது என்றுகூடப் பார்க்காமல் ஏறினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கோட்டுக்குத் தப்பினேன், என் மாமாவுக்குத் தப்ப முடியவில்லை. அம்மாவின் கடைசித் தம்பி, டி. கல்லுப்பட்டியில் கம்பி, சிமெண்டுக் கடை வைத்திருக்கிறார். அவர் மகனுக்குக் காதுகுத்து. எங்கள் பக்கம் தாய்மாமன் மடி இல்லாமல்கூடக் காதுகுத்து நடந்தாலும் நடக்கும், ஃப்ளெக்ஸ் இல்லாமல் நடக்காது. "பாப்பா, ஒரு போட்டோ அனுப்பு" என்று மாமா கேட்டபோது, பரீட்சைக்கு எடுத்த படம்தான் கைவசம் இருந்தது. அதை அனுப்பினேன்.

விசேஷத்தன்று கல்லுப்பட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் எதிரே வீட்டுயரத்துக்கு நிற்கிறது. நடுவில் மாமா மகன் கிரீடம் வைத்துக்கொண்டு வெள்ளைக்குதிரையில் வருகிறான். கீழே கூலிங்கிளாஸ் போட்ட சித்தப்பாமார்கள், இன்னும் போலீஸில் சேராத ஓர் அண்ணன் போலீஸ் உடுப்பில். கடைசி வரிசை ஓரத்தில் நான், பரீட்சைக்குப் பயந்த முகத்தோடு. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது. பெயருக்குக் கீழே மனநல மருத்துவர், மதுரை. அதற்கும் கீழே என்னுடைய செல் நம்பர்.

"என்ன மாமா இது, பொய்யி. போலீஸ் புடிச்சிரும்" என்றேன்.

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு ஆகத்தான போற? இந்த ஃப்ளெக்ஸு கிழியிறதுக்குள்ள ஆயிருவ மருமகளே" என்றார் மாமா. "நாலு பேரு போன் அடிச்சா ஒனக்கும் நல்லதுதான."

இறக்கிவிடச் சொன்னேன். காதுகுத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸை உடனே இறக்கினால் பிள்ளைக்கு ஆகாது என்றார். அப்படி ஒரு சாஸ்திரம் அன்றைக்குத்தான் பிறந்தது. நான் முறைத்தேன், அம்மா என் கையைக் கிள்ளிப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஃப்ளெக்ஸ் அங்கேயே நின்று வெயிலில் வெளுத்தது. எனக்குப் போன் வரும்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஓர் ஆள் தூக்க மாத்திரை கேட்டார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில், அப்பா கடையில் நான் புண்ணாக்கு எடை போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் கூப்பிட்டாள்.

"டாக்டரம்மாவா?" குரல் மெதுவாக, பக்கத்தில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல இருந்தது.

"நான் டாக்டர் இல்லங்க. அது தப்பாப் போட்டுட்டாங்க. இப்பத்தான் படிப்பு முடிச்சிருக்கேன்."

"பரவால்லக்கா. எங்கம்மா வீட்டுக்கு எதுத்தாப்புலதான் அந்த போர்டு இருக்கு. ஜன்னல்ல உக்காந்து உங்க மூஞ்சியத்தான் தெனமும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவள். பெண் குழந்தை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். தூக்கம் இல்லை. பிள்ளை அழுதால் தூக்கத் தோன்றவில்லை. "கெணத்துப் பக்கம் போகவே பயமா இருக்குக்கா. பிள்ளையையும் தூக்கிக்கிட்டுப் போயிருவேனோன்னு பயமா இருக்கு."

என் கையிலிருந்த கரண்டி புண்ணாக்கு மூட்டையிலேயே நின்றுவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு வருகிற மனநோய் எங்கள் பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். ஆறு மார்க் கேள்வி. எனக்கு அதில் தெரிந்தது எல்லாம், இது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை என்பதுதான். அப்புறம் இன்னொன்று. இப்படி ஓர் ஆள் பேசினால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டுவிட வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாங்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கேட்டுப் பழகினோம். கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வந்து டீச்சரிடம் திட்டு வாங்கினோம். இப்போது சிரிப்பு வரவில்லை. கேட்டுத் தப்பாகிவிட்டால் என்ன செய்வது? கேட்காமல் தப்பாகிவிட்டால்?

"செத்துப்போயிரலாம்னு தோணுதா உங்களுக்கு?"

பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று செல்லைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"ஆமாக்கா" என்றாள். "இத யாருமே கேக்கல."

பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா வேலைக்குப் போயிருக்கிறது, மத்தியானம் வரும். வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்க்க வண்டியூரிலிருந்து வந்திருக்கிறார், வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். "அம்மா சத்தியம் வாங்கியிருக்கு. தெரிஞ்சா அவுக வீட்டுல வச்சுக்க மாட்டாங்களாம்."

"சரி. எதுவும் சொல்ல வேணாம். பிள்ளைய அவருகிட்டக் குடுங்க. நீங்களும் வாசல்ல அவரு பக்கத்துலயே உக்காந்துக்கங்க. எந்திரிக்காதீங்க. நான் வாரேன்."

வாரேன் என்று சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. துறைத்தலைவிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேள்வி கேட்காமல் சேலையை மாற்றினாள். "பச்ச ஒடம்புக்காரி வீட்டுக்கு வெறுங்கையோட போகக்கூடாது" என்று பிள்ளைச் சோப்பும் பவுடரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும்தான், "ஏத்தா, அங்க போயி நீ என்ன செய்வ?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். திருமங்கலம் தாண்டுகிறவரை நான் அந்த நம்பருக்கு விட்டு விட்டு அடித்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் எடுத்து, "வாசல்லதான் இருக்கேன்க்கா" என்று சொல்லி வைத்தாள். ஒரு தடவை எடுக்கவில்லை. மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு டிரைவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. மறுபடி அடித்தபோது எடுத்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழி கேட்பதற்காக அம்மா மாமாவுக்குப் போன் போட்டிருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. நாங்கள் போகும்போது மாமா முந்திக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நிற்கிறார். "எங்க மருமக டாக்டர், நேர்லயே வருது" என்று சொல்லி நாற்காலியெல்லாம் போட வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் அம்மா வேலையிலிருந்து வந்துவிட்டிருந்தது. குடிக்கக் கலர் சோடா வாங்கி வைத்திருந்தார்கள். கழுவின குட்டியானை லோடு வண்டி சொட்டச் சொட்ட நின்றது. அவள் புருஷன் பிள்ளையை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, என்ன நடக்கிறது என்று தெரியாமல் எங்களைப் பார்த்துச் சிரித்தார். வாசற்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி எத்தனை நாளோ.

பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தாள். எதிரே ஃப்ளெக்ஸைப் பார்த்தாள்.

"போட்டோவுல இருக்குற மாதிரியே இருக்கீங்க. அதுல அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாங்க. நீங்க மட்டுந்தான் சிரிக்கல. அதான் உங்களுக்கு அடிச்சேன்."

அதற்குள் அவள் அம்மா என் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. "ஆத்தா, நீ நம்ம பிள்ள. ஆஸ்பத்திரின்னு போனா பைத்தியக்காரின்னு பேரு ஏறிரும். நாளைக்கு வாழாவெட்டியா இங்கதான் கெடக்கணும். நீயே ரெண்டு மாத்திரை எழுதிக் குடு. அப்பப்ப வந்து பாத்துக்க. மாப்ளைக்குக்கூடத் தெரிய வேணாம். நீ வந்துட்டேல்ல, எனக்கு இனிப் பயம் இல்ல."

அந்த வீட்டில் எல்லோருக்கும் பயம் போய்விட்டிருந்தது. டாக்டர் வந்தாயிற்று, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று அந்த அம்மா நிம்மதியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. நான் வந்ததே அவளைக் கொன்றுவிடும்போல இருந்தது. ஃப்ளெக்ஸில் போட்ட ஒரு வார்த்தையை நம்பி அவளை இந்த வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். பின்னால் கிணறு இருக்கிறது.

மாமா அடுப்படி வாசலில் தலையை நீட்டினார். "ஏதாச்சும் ஒரு சத்து மாத்திரை எழுதிக் குடு பாப்பா. கல்லுப்பட்டி பூராம் போர்டு வச்சிருக்கேன். மானம் போயிரும்."

திரும்ப வாசலுக்கு வந்து அவள் பக்கத்தில் குனிந்து, "உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லட்டுமா? நீங்க சரின்னாத்தான் சொல்லுவேன்" என்றேன். அவள் பிள்ளையைப் பார்த்தாள்.

"நீங்களே சொல்லுங்க. எனக்கு வாய் வரல."

நிமிர்ந்து நின்றேன். வகுப்பில் செமினார் எடுக்கச் சொன்னாலே எனக்குக் குரல் கம்மும்.

"நான் டாக்டர் இல்ல."

மாமா, "பாப்பா" என்றார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

"போர்டுல போட்டிருக்கிறது பொய்யி. மூணு வருஷம் படிச்சிருக்கேன், அம்புட்டுத்தான். மாத்திரை எழுத எனக்கு உரிமையும் கெடையாது, தெரியவும் தெரியாது. இவுகளுக்குப் பிரசவத்துக்குப் பெறகு வர்ற ஒரு சீக்கு வந்திருக்குன்னு நெனைக்கிறேன். உசுரு மேல வெறுப்பா இருக்கு. பிள்ளையையும் நெனைச்சுப் பயப்படுறாங்க. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே கூட்டிட்டுப் போகணும். தனியா விடக்கூடாது."

அவள் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டது. "அப்ப அம்புட்டும் பொய்யா? எதுக்குத்தா போர்டுல போட்ட? எதுக்கு வீடு தேடி வந்த? நல்லாருப்பியா நீ?" பக்கத்து வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு செல்லை நோண்டினார்.

அவள் புருஷன் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு என்னிடம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"இது சரியாயிருமா?"

"சரியாகும்னு படிச்சிருக்கேன். அத அங்க உள்ள டாக்டருதான் சொல்லணும், நான் சொல்லக்கூடாது."

அவர் பொண்டாட்டியைப் பார்த்தார். "ஏம்பிள்ள, எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்றார். அவள் அழுதாள். அன்றைக்கு அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

எங்கள் அம்மா பையிலிருந்த சோப்பையும் பவுடரையும் எடுத்துத் திண்ணையில் வைத்தாள். பக்கத்து வீடுகளிலெல்லாம் மகளை டாக்டர் என்று சொல்லி வைத்திருந்தவள். "எம்மக டாக்டர் இல்லதான். ஆனாப் பொய் சொல்ல மாட்டா. எந்திரித்தா, வண்டில ஏறு" என்றாள்.

குட்டியானையில் முன்னால் ரெண்டு பேர்தான் உட்கார முடியும். அவளும் பிள்ளையும் புருஷனோடு முன்னால் ஏறினார்கள். நானும் அம்மாவும் அவள் அம்மாவும் பின்னால் ஈரத் தகரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அந்த அம்மா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தது. திட்டினபடியே, வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தோளையும் பிடித்துக்கொண்டது. நான் பின்கண்ணாடி வழியாக அவள் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். கதவுப் பக்கம் அவள் கை போனால் நான் என்ன செய்ய முடியும், கண்ணாடியைத் தட்டலாம், வேறென்ன? சொன்னது தப்பாக இருந்தால்? வெறும் அசதியை நான் பெரிசாக்கி ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்திருந்தால்? அதுவரைக்கும் அப்படிப் பயந்ததில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று, அங்கே போகச் சொல்லி, இங்கே போகச் சொல்லி, பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒரு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், கண்ணெல்லாம் தூக்கம். "நீங்க யாரு?" என்று என்னைக் கேட்டார். பி.எஸ்சி. உளவியல் என்று சொல்ல வாய் வரவில்லை.

"கூட வந்தவ."

அவர் அவள் பக்கம் திரும்பி, தூக்கம், சாப்பாடு என்று கேட்டுக்கொண்டே வந்து, குரலை மாற்றாமல், "செத்துப்போயிரலாம்னு தோணுதா?" என்று கேட்டார். நான் கேட்ட அதே கேள்வி. அவள் இந்தத் தடவை யோசிக்கவில்லை. "ஆமா" என்றாள். அந்த டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவள் கையைத் தொட்டார். பிள்ளையோடு அன்றைக்கே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். நான் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தேன்.

அவள் தேறி வந்தாள். உடனே இல்லை, மெதுவாக. ஒரு நாள் போனில் பின்னால் பிள்ளை சிரிக்கிற சத்தமும் அவள் அதை அதட்டுகிற சத்தமும் கேட்டது. அந்த அதட்டலைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. வாழாவெட்டி ஆகவில்லை. வண்டியூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் புருஷனோடு இருக்கிறாள். மாத்திரையை அவரே எடுத்துக்கொடுப்பாராம். மாமா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. ஏணி போட்டு ஏறி, டாக்டர் என்கிற வார்த்தைமேல் மட்டும் பழுப்பு டேப்பை ஒட்டிவிட்டு இறங்கினாராம்.

நான் அந்த மேலூர் ரோட்டுப் பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்தேன். டைப் அடிக்கிறேன், பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறேன், நேரம் இருந்தால் கவுன்சிலிங். அஞ்சல்வழியில் முதுகலை படிக்கிறேன். அதற்குமேல் என்ன என்று கேட்டால் இப்போதும் பேச்சை மாற்றிவிடுவேன். பெரியப்பா இன்னும் அவர் நினைக்கிறதைச் சொல்லச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

போன மாதம் அவள் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். வண்டியூரிலேயே. அவள் புருஷன் ஃப்ளெக்ஸை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அக்கா, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க என்று குரல்பதிவும் அனுப்பியிருந்தார். திறக்கவே பயந்தேன். பிள்ளை மயில்மேல் உட்கார்ந்திருந்தது. அம்மா வழிச் சொந்தங்கள் வரிசையில் என் படம், அதே பரீட்சைப் படம். பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை. கீழே பெரியம்மா என்று மட்டும் போட்டிருந்தது. அதுவரை எந்த வேலையும் எனக்குக் கொடுக்காத ஓர் இடத்தைக் கொடுத்ததுபோல இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரியம்மாவுக்குக் கீழே சின்ன எழுத்தில் என் செல் நம்பர்.

உடனே கூப்பிட்டேன். "நம்பர் எதுக்குண்ணே? எடுத்துருங்க."

"நானும் வேணாம்னுதான்க்கா சொன்னேன். அவதான் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா" என்றார். "எதுத்த வீட்டு ஜன்னல்ல யாராச்சும் உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாங்களாம்."

எனக்கு மறுபடி வயிற்றில் புளியைக் கரைத்தது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.